கிணற்று நீரில் ஆர்சனிக் நீக்கம்: நானோ இரும்பு ஆக்சைடு ஏன் தடுமாறுகிறது?

தேன்மொழி:

வணக்கம் நண்பர்களே. முதுகலை வேதியியல் இறுதியாண்டு ஆய்வுக்காக மேக்னடைட் (காந்தத்துக்கு இழுபடும் கருப்பு இரும்பு ஆக்சைடு) நானோ துகள் தயாரித்து, நீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெர்ரஸ், பெர்ரிக் உப்புகளை 1:2 விகிதத்தில் கலந்து அமோனியா விட்டு வீழ்படிவாக்கும் வழக்கமான முறைதான். கருகருவென்று வீழ்படிவு வருகிறது. பீக்கருக்கு வெளியே காந்தத்தை வைத்தால் மொத்தமும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கழுவி, ஓவனில் உலர்த்தி, அரைத்துப் பொடியாக்கி வைத்துக்கொள்கிறேன்.

காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஆர்சனேட்டைக் கரைத்துச் சோதித்தால் 95 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அதே பொடியை அதே அளவில் ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டால் பாதிகூடப் போகவில்லை. பொடியைக் கூட்டிப் போடச் சொல்கிறார் கைடு. கூட்டினால் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் காரணம் புரியாமல் பொடியைக் கொட்டிக்கொண்டே போக மனசு ஒப்பவில்லை. குறை என் பொருளிலா, நீரிலா?

நிலத்தடி:

பதில் சொல்வதற்கு முன் சில விவரம் வேண்டும். நீரின் பிஎச் என்ன? சிலிக்கா, பாஸ்பேட் அளந்தீர்களா? கிணற்றில் இருப்பது ஆர்சனிக்கின் எந்த வடிவம், ஆக்சிஜன் குறைந்த ஆர்சனைட்டா, ஆக்சிஜனேறிய ஆர்சனேட்டா? இறைத்த உடனே நீர் எப்படி இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து எப்படி இருக்கிறது?

தேன்மொழி:

பிஎச் 7.6. மொத்த ஆர்சனிக் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சுற்றி. சிலிக்கா 30 மில்லிகிராம், பாஸ்பேட் 1 மில்லிகிராம். ஆர்சனைட்டையும் ஆர்சனேட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. இறைக்கும்போது பளிங்குபோல் இருக்கிறது, இரும்பு வாடை அடிக்கிறது. கேனில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, அடியில் செம்பழுப்பாகப் படிகிறது.

நிலத்தடி:

அந்த மஞ்சள் நிறமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. இரும்பு கரைந்த நிலையில் மேலே வருகிறது என்றால் அந்த நீர் பூமிக்குள் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்திருக்கிறது. அப்படிப்பட்ட நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட்டாகத்தான் இருக்கும். வங்கதேசத்திலும் கங்கைச் சமவெளியிலும் நடந்தது இதுதான்: மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு ஆக்சிஜன் இல்லாத சூழலில் கரைய, அதன்மேல் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்குள் இறங்கிவிட்டது. குளத்து நீரில் இருந்த கிருமிகளுக்குப் பயந்து போட்ட குழாய்க் கிணறுகள் வழியாகவே அது மக்களைச் சென்றடைந்தது.

நீங்கள் வடிநீரில் சோதித்தது ஆர்சனேட். அதற்கு எதிர்மின்சுமை உண்டு. இரும்பு ஆக்சைடின் பரப்பு அதை நன்றாகவே பிடிக்கும். ஆர்சனைட் அப்படியில்லை. பிஎச் 9 வரைக்கும் அது பெரும்பாலும் மின்சுமையற்ற மூலக்கூறாகவே இருக்கும். இரும்பு ஆக்சைடு அதையும் பிடிக்கும்தான், ஆனால் இவ்வளவு போட்டி இருக்கும் நீரில் பிடிமானம் குறையும். ஆக, இரண்டு பீக்கரிலும் ஆர்சனிக் என்று ஒரே பெயரில் இருந்தாலும் இரண்டு வெவ்வேறு பொருளைத்தான் சோதித்திருக்கிறீர்கள்.

அடுத்தது போட்டி. மில்லிகிராமில் பார்த்தால் இது கண்ணில் படாது, மோல் கணக்கில் பாருங்கள். 100 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்பது லிட்டருக்கு 1.3 மைக்ரோமோல். 30 மில்லிகிராம் சிலிக்கா ஏறக்குறைய 500 மைக்ரோமோல். ஒரு ஆர்சனிக் அணுவுக்கு எதிரே கிட்டத்தட்ட 375 சிலிக்கா நிற்கிறது. 1 மில்லிகிராம் பாஸ்பேட் 10.5 மைக்ரோமோல், அதாவது ஆர்சனிக்கைப்போல் 8 மடங்கு. எண்ணிக்கையில் சிலிக்கா பெரிது என்றாலும் பாஸ்பேட்தான் முரட்டுப் போட்டியாளர். அதன் வடிவமும் மின்சுமையும் ஆர்சனேட்டை அப்படியே ஒத்திருப்பதால் இரும்பின் பரப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வடிநீரில் இந்த இரண்டும் இல்லை. உங்கள் பொருள் நல்ல பொருளாகவே இருக்கலாம். அதன் இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பிஎச். மேக்னடைட்டின் பரப்பு 7ஐ ஒட்டிய பிஎச்சில் நேர்மின்சுமையை இழந்து எதிர்மின்சுமைக்கு மாறத் தொடங்கும். 7.6 என்பது ஏற்கெனவே சாதகமில்லாத பக்கம்.

கதிரொளி:

இதெல்லாம் எந்த இரும்பு ஆக்சைடுக்கும் பொருந்துமே? அப்படியானால் நானோ என்பதால் என்ன லாபம்? வெறும் இரும்புத் துருவைப் போட்டாலும் இதே கதைதானா?

மாறன்_பொருளியல்பு:

லாபம் பரப்பில்தான். 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்கு மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் பரப்பு 600 சதுர மீட்டர். பொருளின் எடை மாறவில்லை. பரப்பு மட்டும் பத்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. ஆர்சனிக் ஒட்டுவது பரப்பில் மட்டும்தான், உள்ளே இருக்கும் இரும்பால் இந்த வேலைக்குப் பயனில்லை.

ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கோல்வினின் குழு இதைத்தான் மேக்னடைட்டில் காட்டியது. துகளின் அளவை 300 நானோமீட்டரிலிருந்து 12க்குக் குறைத்தபோது ஆர்சனிக்கைப் பிடிக்கும் திறன் ஏறத்தாழ 200 மடங்கு கூடியது. பிடித்த துகள்களை அதிக வலுவில்லாத காந்தப்புலத்தைக் கொண்டே நீரிலிருந்து பிரிக்கலாம் என்று 2006இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். தேன்மொழி செய்வதும் அந்த வழியில் வந்த வேலைதான்.

ஆனால் தேன்மொழி, //ஓவனில் உலர்த்தி, அரைத்துப் பொடியாக்கி// என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நானோ துகள்களைச் சூட்டில் உலர்த்தினால் ஒன்றோடொன்று இறுகிக் கட்டிதட்டிவிடும். உரலில் அரைத்தால் கட்டி உடையும், ஆனால் மைக்ரோமீட்டர் அளவோடு நின்றுவிடும். எக்ஸ்கதிர் விளிம்புவிளைவுச் சோதனை அப்போதும் 12 நானோமீட்டர் படிகம் என்றே காட்டும். நீருக்கு அந்தப் பரப்பெல்லாம் எட்டாது. உலர்த்தாமல் ஈரப் பசையாகவே மூடி வைத்து, அதில் எவ்வளவு திண்மம் இருக்கிறது என்று தனியாக எடைபோட்டுப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, கருப்பு பழுப்பாக மாறினால் காற்று பட்டு மேக்னடைட் மேக்ஹெமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாகிறது என்று அர்த்தம். அதுவும் காந்தத்துக்கு இழுபடும், அதனால் காந்தச் சோதனையை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரவணபவன்_நீரியல்:

கதிரொளி கேட்ட துருக் கேள்வியை அப்படியே விட்டுவிடக் கூடாது. வேதியியலாளர் அபுல் ஹுசாம் ஆர்சனிக் நீக்க உருவாக்கிய சோனோ வடிகட்டியில் ஆலையில் தயாரித்த நானோ பொருள் எதுவும் கிடையாது. பதப்படுத்திய இரும்புச் சீவல், மணல், கரி, செங்கல் சில்லு, இவ்வளவுதான். 2007இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமியின் கிரெய்ஞ்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. எளிய பொருள் ஜெயிக்கும்போது நானோவைத் தேடிப் போவானேன்?

மாறன்_பொருளியல்பு:

அந்த இரும்புச் சீவல் துருப்பிடிக்கும்போது அதன்மேல் உருவாவது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது நானோ அளவில்தான் இருக்கிறது. அந்த வகையில் இயற்கையில் கிடைக்கும் பெரிஹைட்ரைட் துகள்கள் 2 முதல் 6 நானோமீட்டர்தான். தேன்மொழியின் கேனில் அடியில் படிந்த செம்பழுப்பும் அந்த இனம். ஆகவே நானோவா, எளிய பொருளா என்று இரண்டு கட்சி பிரிக்க வேண்டியதில்லை. நானோ துகள் எங்கே உருவாகிறது, எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

நிலத்தடி:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தேன்மொழியின் நீரில் கரைந்த இரும்பு இருப்பதால், பொடி போடும் முன்பே நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, படிந்ததை வடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஆர்சனிக்கை அளந்து பாருங்கள். ஒரு பங்கு அந்தப் படிவோடேயே போயிருக்கும், பாஸ்பேட்டும் குறைந்திருக்கும். உங்கள் நானோ பொருளுக்குச் சுமை இறங்கும்.

ஆனால் காற்று மட்டும் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றப் போதாது. அந்த ஆக்சிஜனேற்ற வினை மிக மெதுவானது. கொஞ்சம் குளோரினோ பெர்மாங்கனேட்டோ இருந்தால் நிமிடங்களில் முடியும். நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் குளோரமைனாகிவிடும், அது ஆர்சனைட்டை அவ்வளவாகத் தொடாது. அந்தச் சந்தேகம் இருந்தால் பெர்மாங்கனேட் நல்லது.

ஒளிவேதி:

ஆக்சிஜனேற்றம் என்றதும் டைட்டானியம் டை ஆக்சைடை யாரும் சொல்லவில்லையே! 1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டியதிலிருந்து அரை நூற்றாண்டாக வளர்ந்த துறை இது. ஒளி பட்டதும் எதையும் வேகமாகத் தாக்கும் ஹைட்ராக்சில் உறுப்பு உருவாகி, சாயம், பூச்சிக்கொல்லி, மருந்து எச்சம் என்று கரிமப் பொருளையெல்லாம் சிதைக்கிறது. ஆர்சனைட்டையும் ஆர்சனேட்டாக்கும். வேதிப்பொருள் எதையும் நீரில் சேர்க்க வேண்டாம், வெயில் போதும்.

நிலத்தடி:

ஆர்சனைட் விஷயம் உண்மை. //வெயில் போதும்// என்பதை மட்டும் அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வடிவமான அனட்டேசின் ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம்தான் அதை எழுப்பும், அதாவது புற ஊதா. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதம் அளவுக்குத்தான். கிணற்று நீரில் தாராளமாக இருக்கும் பைகார்பனேட் அந்த ஹைட்ராக்சில் உறுப்புகளை இடையிலேயே தின்றுவிடும். கரிமப் பொருளைச் சிதைக்கும்போதும், நிறம் போய்விட்டது என்பதை வைத்து நஞ்சு போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாதி சிதைந்த விளைபொருள் நீரில் நிற்கலாம். மொத்தக் கரிமக் கார்பன் அளவும் இறங்கினால்தான் நம்ப வேண்டும்.

சாயக் கழிவுநீர் ஆய்வுகளில் மெத்திலீன் நீலம் மறைவதை மட்டும் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு நல்ல பொருளுக்கு அது நியாயம் செய்வதில்லை.

வடிபடுகை:

நான் வடிகட்டி வடிவமைப்பில் வேலை செய்பவன். இதுவரை பேசியதெல்லாம் பீக்கருக்குள் நடப்பது. நிஜ வடிகட்டியில் நானோ துகளை நீரில் தூவ முடியாது. தூவினால் எடுக்க வேண்டும். எடுக்க முடியாத துகள் குடிநீரோடு போகும், அதுவும் ஆர்சனிக்கைச் சுமந்துகொண்டு. குழாயில் பொடியாகவே அடைத்தால் நீர் இறங்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் நானோ துகளைப் பாசிமணி போன்ற சிறு மணிக்குள் நிறுத்தி, அந்த மணிகளால் படுகை அமைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். இந்தத் துறையில் பல பொருள்கள் வெளியே வராமல் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவின் வேலையை இதற்காகவே படிக்கச் சொல்வேன். பெரிஹைட்ரைட்டை அப்படியே விட்டால் நாளடைவில் கோத்தைட், ஹெமட்டைட் போன்ற வேறு இரும்பு ஆக்சைடுகளாக மாறி, பரப்பை இழந்துவிடும். அவர்கள் அதைக் கைட்டோசான் வலைக்குள் அடக்கி அந்த மாற்றத்தைத் தடுத்தார்கள். அம்ரித் என்ற பெயரில் ஆர்சனிக் நீக்கும் வடிகட்டியாக வெளிவந்தது இந்தப் பொருள்தான். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைப்பது. மணலைப்போல் கையில் அள்ளலாம், நீரில் கரையாது. மின்சாரம் வேண்டாம்.

தேன்மொழிக்கு ஒரு சோதனை. படுகையிலிருந்து வரும் முதல் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, இருட்டில் லேசர் பாயிண்டரைப் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீருக்குள் கதிரின் கோடு பளிச்சென்று தெரிந்தால் நுண்துகள் கசிகிறது. இந்தச் சோதனையால் துகளை எண்ண முடியாது, மிகச் சிறியவை இதற்கும் சிக்காமல் போகலாம். ஆனாலும் கருவிக்கு மாதிரி அனுப்பும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும். கோடு மறையும் வரை கழுவிவிட்டு அப்புறம் சோதனையைத் தொடங்குங்கள்.

மீனா_ஒரு_தாய்:

நான் வேதியியல் படித்தவள் இல்லை. வெள்ளி நானோ துகள் போட்ட வடிகட்டிகள் வருகின்றனவே, அந்த வெள்ளியைக் குழந்தைகள் குடித்தால் ஒன்றும் ஆகாதா? இன்னொரு சந்தேகம்: டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவாக வந்தால் ஆர்சனிக் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வடிபடுகை:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம். எடுத்துக்கொள்ளவே கூடாது. டிடிஎஸ் மீட்டர் நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதை உப்பின் அளவாகக் காட்டுகிறது. அதன் திரையில் மிகச் சிறிய படி லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 10 மைக்ரோகிராம், அந்தப் படியில் நூறில் ஒரு பங்கு. வரம்பைப்போல் பத்து மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் அந்த மீட்டர் அசையாது. ஆர்சனைட்டுக்கு மின்சுமையே இல்லாததால் அது மின்சாரத்தையும் கடத்தாது. ஆர்சனிக்குக்குச் சுவையும் வாடையும் கிடையாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

வெள்ளியைப் பொறுத்தவரை, கிருமியைக் கொல்வது பெரும்பாலும் துகளிலிருந்து மெல்லக் கரைந்து வரும் வெள்ளி அயனி. குடிநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை வெள்ளி இருக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. பிரதீப் குழு 2013இல் வெளியிட்ட கட்டுரையில், அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் கைட்டோசானும் சேர்ந்த மணிகளில் வெள்ளித் துகளைப் பதித்து, 40 மைக்ரோகிராமை ஒட்டியே சீராகக் கசியும்படி செய்திருந்தார்கள். துகள் மணிக்குள்ளேயே நிற்கிறது, அயனி மட்டும் வெளியே வருகிறது. நல்ல வடிவமைப்புக்கு இது இலக்கணம். வெள்ளி நானோ என்று மட்டும் எழுதிவிட்டு, வெளியேறும் நீரில் வெள்ளி எவ்வளவு என்று சொல்லாத எதையும் நம்பாதீர்கள்.

கதிரொளி:

கிராபீன் (ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாள்) படலம் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையாமே?

மாறன்_பொருளியல்பு:

கிராபீன் ஆக்சைடு அடுக்குகளுக்கு இடையே நீர் தடையில்லாமல் பாய்வதை மான்செஸ்டர் குழு 2012இல் காட்டியது உண்மை. ஆனால் நீரில் ஊறினால் அந்த அடுக்குகள் விலகிக்கொள்ளும், உப்பு அயனிகள் புகுந்துவிடும். 2017இல் எபாக்சியால் இறுக்கி அந்த வீக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். மின்சுமையற்ற சின்ன மூலக்கூறான ஆர்சனைட் ஆர்ஓ படலங்களையே ஓரளவு ஏமாற்றிவிட்டுக் கடக்கும். படலம் மாறினால் மட்டும் அந்தச் சிக்கல் தீராது. இந்த இழைக்கு இது போதும், தனி இழை தொடங்கினால் பேசலாம்.

சரவணபவன்_நீரியல்:

யாரும் தொடாத ஒன்று: நிறைந்துபோன பொருளை என்ன செய்வது? ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1 லிட்டர் படுகை, 100 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள நீரில் 10,000 லிட்டரைச் சுத்தம் செய்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் படுகைக்குள் 1 கிராம் ஆர்சனிக் சேர்ந்திருக்கும். அந்த ஒரு கிராம் திரும்ப வெளியே வந்தால் ஒரு லட்சம் லிட்டர் நீரை வரம்பு வரை நஞ்சாக்கும்.

வெளியே வருமா? வரும், அதற்கு வழி இருக்கிறது. இரும்பு ஆக்சைடைக் குப்பை மேட்டில் புதைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், நுண்ணுயிர்கள் இரும்பை ஒடுக்கும், இரும்பு கரையும், ஆர்சனிக் அவிழும். மேலே நிலத்தடி எழுதிய கங்கைச் சமவெளிக் கதை அங்கே சின்ன அளவில் மறுபடி நடக்கும். நச்சுக் கழிவா இல்லையா என்று பார்க்கும் வழக்கமான கசிவுச் சோதனை அமிலத்தில் பல மணி நேரம் குலுக்கிப் பார்ப்பது. ஆக்சிஜன் இல்லாத, நுண்ணுயிர் நிறைந்த குப்பை மேட்டின் நிலையை அது காட்டுவதில்லை. அதில் தேறிய பொருளும் மண்ணுக்குள் கசியலாம். காரத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பார்கள். கழுவிய காரத்தில் அதே ஆர்சனிக் இன்னும் அடர்த்தியாக நிற்கும், அதற்கும் பொறுப்பேற்க வேண்டும். சிமெண்டோடு கலந்து கெட்டிப்படுத்தி, நீர் புகாத, கண்காணிப்புள்ள இடத்தில் வைப்பதுதான் இப்போதைக்குச் சொல்லத்தக்க வழி.

நீர் சுத்திகரிப்பு என்று நாம் சொல்வது நஞ்சை நீரிலிருந்து திண்மத்துக்கு இடம் மாற்றுவதுதான். ஆர்சனிக் தனிமம், எந்த நானோ பொருளாலும் அதைச் சிதைக்க முடியாது. ஆய்வறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் விடுவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி. பொடியை உலர்த்தாமல் பசையாக வைத்துப் பார்த்தேன். கிணற்று நீருக்கு முதலில் காற்றோட்டம், பிறகு துளி பெர்மாங்கனேட், படிவை வடித்த பிறகு பொருள் என்று மாற்றினேன். எச்சம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. பெரும்பங்கு என் மேக்னடைட் தொடுவதற்கு முன்பே, கிணற்றின் சொந்த இரும்போடு போயிருக்கிறது! இதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்று கைடோடு பேச வேண்டும். கட்டுரைகளில் எல்லாரும் கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்றுதான் ஒப்பிடுகிறார்கள். நானும் அதையே தரவா?

வடிபடுகை:

தாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த உச்ச எண் பெரும்பாலும் லிட்டருக்குப் பத்து, நூறு மில்லிகிராம் ஆர்சனிக் கரைத்த நீரில் கிடைப்பது. கிணற்றில் அவ்வளவு ஆர்சனிக் கிடையாது. நீரில் 10 மைக்ரோகிராம் மட்டும் மிச்சமிருக்கும் சமநிலையில் உங்கள் பொருள் கிராமுக்கு எவ்வளவு வைத்திருக்கிறது என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எண் சின்னதாகத் தெரியும், பரவாயில்லை. வடிகட்டி அமைப்பவனுக்கு அதுதான் வேண்டும்.

கிணற்றின் இரும்பு செய்த வேலையை மறைக்காமல் தனிக் கட்டமாகக் காட்டுங்கள். காற்றோட்டத்துக்குப் பின் எவ்வளவு, பெர்மாங்கனேட்டுக்குப் பின் எவ்வளவு, நானோ பொருளுக்குப் பின் எவ்வளவு என்று வரிசையாக வரட்டும். நேரம் இருந்தால் மேக்னடைட்டை மணியாக்கி, கிணற்று நீரையே குழாய்ப் படுகையில் விட்டு, படுகைக் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு நீர் போனபின் வெளியேற்றம் 10 மைக்ரோகிராமைத் தொடுகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள்.

நிலத்தடி:

அந்த வரைபடத்தில் வெளியேறும் நீரின் சிலிக்காவையும் பாஸ்பேட்டையும் ஆர்சனிக்கோடு சேர்த்தே குறியுங்கள். சிலிக்கா முதலில் வெளியேறத் தொடங்கும். அது அளக்கவும் எளிது, மாலிப்டேட் நிறமறி முறையே போதும். பாஸ்பேட்டுக்கும் கிட்டத்தட்ட அதே முறைதான், ஆனால் நீரில் ஆர்சனேட் இருந்தால் அதுவும் அதே நீல நிறத்தைத் தரும். அதனால் பாஸ்பேட்டை அளக்கும் முன் தயோசல்பேட் சேர்த்து ஆர்சனேட்டை ஒடுக்கிவிடுங்கள்.

தேன்மொழி:

சரி சார். முதல் படுகையை நிரப்பி, கழுவ விட்டிருக்கிறேன். லேசர் கோடு இன்னும் தெரிகிறது.